பாவாயியின் அரை மணி நேரம்

ஆனங்கரட்டில் தலையணைகள் பேச ஆரம்பித்துப் பல ஆண்டு ஆகியும் அந்த ஊர்த் தறிக்காரர் ஒருவருக்கும் அது தெரியாமல் இருந்தது. காரணம் எளிது: அங்கே நாலாயிரம் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டுத் தறி ஓடாத நேரத்தில் பக்கத்து வீட்டுத் தறி ஓடும், பக்கத்து வீட்டுத் தறி நின்றால் பின் தெருத் தறி ஓடும். ஆகக் குழந்தை பிறந்தபோதும் தாலி கட்டியபோதும் பிணம் எடுத்தபோதும் அந்த ஊருக்குப் பின்னணியில் தறி அடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சத்தம் என்று யாரும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், "இதுக்குள்ள எப்படிங்க இருக்கறீங்க?" என்று கேட்டால், "எதுக்குள்ளங்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

பிறகு கரண்ட் போக ஆரம்பித்தது. தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வரும். முதல் நாள் நாலாயிரம் தறியும் ஒரே மூச்சில் நின்றபோது என்னவோ விபரீதம் என்று ஊரே வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. புளியமரத்தில் ஒரு காக்கை கத்தியது. எல்லாரும் அண்ணாந்து அந்தக் காக்கையைப் பார்த்தார்கள். அது வெட்கப்பட்டதுபோலப் பறந்து போய்விட்டது. அடுத்த வாரத்துக்குள் ஊர் பழகிக்கொண்டது. இரண்டு மணிக்கு வேறு வேலை இல்லாததால் சோறு உண்டு படுத்தார்கள், படுத்தவர்கள் தலையணையில் காதை வைத்தார்கள், தலையணை பேசியது.

முதலில் கேட்டது வெளியூரிலிருந்து புதிதாக வாழ வந்த ஒரு மருமகள். தலையணைக்குள் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பில் குக்கர் இல்லை. திரும்ப வந்து படுத்தாள், இன்னும் இரண்டு விசில் அடித்தது. மாமியாரை எழுப்பிச் சொன்னாள். மாமியார் கண்ணைத் திறக்காமலே, "மூணு ஆயிருச்சில்ல, பருப்பு வெந்திருக்கும், எறக்கி வை" என்றாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தறிப்பட்டறைக்குள் போகிறவர்கள் கீழே கிடக்கும் பஞ்சில் ஒரு துணுக்கை எடுத்து உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வது அந்த ஊரின் வழக்கம். ஷிப்டு முடிந்ததும் பிடுங்கித் தறியடியில் போட்டுவிடுவார்கள். கூட்டுகிற பெண்கள் அதையும் மற்றக் கழிவுப் பஞ்சோடு சேர்த்து மூட்டை கட்டுவார்கள். மூட்டை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அனீபா பாயின் தலையணைக் கடைக்குப் போகும். காதுக்கு வந்து காதுக்குள் போய்ச் சேராத சத்தமெல்லாம் அந்தப் பஞ்சில் தங்கியிருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் காது முகாம் நடத்த வந்த டாக்டர் ஒருவர், பஞ்சு தறிச் சத்தத்தைத் தடுக்காது, தடுப்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் ஆளுக்கு இருபது முப்பது ஆண்டு காதைக் கொடுத்திருக்கிறீர்கள், போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று கரும்பலகையில் காதுப் படம் வரைந்து சொன்னார். "தடுக்காதுங், புடிச்சு வெச்சுக்கும்" என்று முன்வரிசையில் இருந்தவர்கள் அவரைத் திருத்தினார்கள். அவர் கொடுத்துவிட்டுப் போன ரப்பர் அடைப்பான்களைப் போட்டால் அரிக்கிறது என்று சொல்லி எண்ணெய்ப் புட்டிகளுக்கு மூடியாக்கிக்கொண்டார்கள்.

செய்தித்தாளில் மூன்று பத்தி வந்தது, ஊரில் பரபரப்பு என்று. பரபரப்பு எதுவும் இல்லை. பட்டறைப் பஞ்சு பட்டறைக்குத்தான் சொந்தம் என்று முதலாளிகள் சொன்னார்கள், எங்கள் காதுக்கு வந்தது எங்களுக்குத்தான் சொந்தம் என்று தறி ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள். மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்து பேசி, பஞ்சு முதலாளிக்கு, சத்தம் தொழிலாளிக்கு என்று முடிவு செய்து கலைந்தார்கள். அனீபா பாய் கடை முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, வாங்குகிறவர்கள் படுத்துக் கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார். கொலுசுத் தலையணைகள் கல்யாணச் சீருக்குப் போயின. சில்வண்டுத் தலையணை என்றால் லாரி டிரைவர்கள் விடமாட்டார்கள். மாமியாரும் மருமகளும் சண்டை போடும் தலையணை ஒன்று எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கடைசியில் அதை ஒரு வக்கீல் வாங்கிக்கொண்டார்.

இந்தக் காலம் முழுவதும் தறி மேஸ்திரி அர்த்தநாரி ஒரு தலையணையிலும் காதை வைக்கவில்லை. வைத்தாலும் பயனில்லை. முப்பத்தொரு ஆண்டாக அவர் சென்னியப்பன் பட்டறையில் தறி பழுது பார்த்தவர். பழுது பார்க்கிறவன் தறிக்கு மிக அருகில் காதைக் கொண்டுபோக வேண்டும், எந்தப் பல்சக்கரத்தில் தேய்மானம் என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அந்த ஊரில் காது போகிற வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான்: மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், தடித்தவை பின்னால் போகும். அர்த்தநாரிக்குச் சில்வண்டு போனது முப்பது வயதில். போனது அவருக்குத் தெரியவில்லை, அந்த ஆண்டு மழை குறைவு, அதனால் சில்வண்டு இல்லை என்று நினைத்துக்கொண்டார். கொலுசு போனபோது மனைவி பாவாயி அதைக் கழற்றிவிட்டாள் என்று நினைத்தார். அது அவள் காலில்தான் இருந்தது. சைக்கிள் மணி போயிற்று, மகள் வளர்மதியின் சிணுங்கல் போயிற்று. நாற்பதைத் தாண்டியபோது பாவாயியின் குரல், ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல, எப்போது தீர்ந்தது என்று சொல்ல முடியாதபடி தீர்ந்து போயிற்று.

குரல்தான் போயிற்று, பேச்சு போகவில்லை. பட்டறைக்குள் யாரும் வாயால் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. ஐம்பது அடி தூரத்தில் நிற்பவன் உதட்டை அசைத்தால் போதும். கேட்டுக்கொண்டவன் கேட்டதை அப்படியே தன் உதட்டால் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், அப்போதுதான் சேதி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். இந்தப் பழக்கம் பட்டறையிலிருந்து வீடுகளுக்கு வந்து, வீடுகளிலிருந்து தறி ஓட்டாதவர்களுக்கும் பரவி, ஆனங்கரட்டில் எவர் எதைக் கேட்டாலும், ரேடியோச் செய்தியோ சாமி கும்பிடும்போது பூசாரி சொல்கிற மந்திரமோ, கேட்டுக்கொண்டே உதட்டை அசைப்பார்கள். பாவாயி சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசுவாள், அவர் அவள் உதட்டைப் பார்த்து உண்பார், உண்டுகொண்டே அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். "ஏனுங், சோத்தப் பாத்துத் தின்னுங், எம் மூஞ்சியப் பாத்தா மீன் முள்ளு சிக்கிக்கும்" என்பாள். அதையும் திருப்பிச் சொல்வார். அவள் சிரிப்பாள், சிரிப்பு அவருக்குத் தோள் குலுங்குவதாகத் தெரியும்.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் மஞ்சள் காமாலை முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பட்டறைக்குத் தகவல் வந்ததும் அர்த்தநாரி காதில் இருந்த பஞ்சைக்கூட எடுக்காமல் ஓடினார். வளர்மதி இளநீர் வாங்கக் கீழே போயிருந்தாள். பாவாயி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதற்குள் புகை போல மூச்சு வந்து படிவதும் கலைவதும் மட்டுமே அவருக்குத் தெரிந்தது. மாஸ்க்கை எடு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவள் கண்ணைப் பார்த்து, அது கேள்வி கேட்பதுபோல இருந்தபோதெல்லாம் தலையாட்டினார். அரை மணி நேரமும் ஆட்டினார். கடைசியில் அவள் பிடியை விட்டுவிட்டு, திருப்தியான முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டாள். அன்று பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் பட்டறைக்கு வந்து, புதுப் பஞ்சு அடைக்கப் போனபோதுதான் பழைய பஞ்சு காதிலேயே இருப்பது தெரிந்தது. பிடுங்கித் தறியடியில் போட்டார்.

அதற்கடுத்த மாதமே வளர்மதி தறிக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மேலே படிக்கிறாயா என்று அவர் கேட்டார், ஊட்டுல ரண்டு கை வேணும்ல என்றாள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்கு இரண்டு தறி கொடுத்தார்கள். அவளும் பஞ்சு அடைத்துக்கொண்டாள்.

தலையணைகளின் சங்கதி ஊருக்கு வெளிச்சமான பிறகு ஒருநாள், கரண்ட் போன வேளையில், வளர்மதிதான் கேட்டாள்.

"அப்பா, அம்மா ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"சொன்னா."

"என்னன்னுங்?"

"தெரியல கண்ணு. நான் தலையாட்டிட்டேன்."

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டினாள். "அன்னைக்கு உங்க காதுல பஞ்சு இருந்துச்சில்ல, வாங், தேடுவோம்" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் தினமும் இரண்டு மணிக்கு அப்பனும் மகளும் வீடு வீடாகப் போனார்கள். ஆனங்கரட்டில் இன்று கரண்ட் போவதில்லை, மதியம் இரண்டு மணி மற்ற எந்த மணியையும் போலத்தான் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்கள் மட்டும் அந்த நேரத்தில் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு எதையோ எதிர்பார்ப்பதைப் பார்க்கலாம். அப்போதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் வாய்க்கால் தண்ணீர் மதகில் விழுவது ஊருக்குள் கேட்கும். கதவைத் திறந்து போட்டுத் தரையில் படுத்திருப்பார்கள், வெயில் வாசல்படி வரைக்கும் வந்து நிற்கும். வருகிறவர்களைப் பார்த்ததும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தலைக்கு அடியில் இருப்பதை உருவி நீட்டுவார்கள். "இதையுங் கேட்டுப் பாரு அம்மிணி. எங்க மாமன் தும்முறதுதான் இருக்குது, இருந்தாலும் கேளு." வளர்மதி உட்கார்ந்து காதை வைப்பாள், அவள் உதடுகள் அசையும், அர்த்தநாரி அவள் உதட்டைப் பார்ப்பார். யார் யாரோ எந்தெந்த ஆண்டிலோ பேசியது: தாருக்கு நூலு சுத்தியாச்சு, மழ வர்றாப்புல இருக்குது, எம் புள்ளைக்குக் காச்சலுங், ஏனுங் கூப்புடறது கேக்கலியா, ஏனுங், ஏனுங். நிறையத் தலையணைகளில் அது ஒன்றுதான் இருந்தது, ஒரு பெண் ஒரு ஆணைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது. அர்த்தநாரி தலையணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டு ஆணின் முகத்தைப் பார்க்காமல் இறங்குவார்.

ஆனி மாதக் கடைசியில் அனீபா பாய் ஆளனுப்பினார். போனபோது பாய் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

"மேஸ்திரி, உங்கள அலைய விட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க தேடுறது எங்கூட்டுலதான் இருந்திருக்குது. எனக்கே நேத்துதான் தெரியும்."

பாயின் மனைவி ஜைனம்பு உள்ளேயிருந்து வெளுத்த நீல உறை போட்ட தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே பிறந்து, அந்தப் பக்கமே வாழ்க்கைப்பட்டு, பட்டறை வாசலை மிதிக்காத பெண். ஊரிலேயே நல்ல காது அவளுடையதுதான் என்பார்கள்.

"விக்கிறதுக்கு மனசு வரலைங்ணா" என்றாள். "ரண்டு வருசமா இதுலதான் படுக்கறேன். யாரோ ஒரு அம்மா, புருசன்கிட்டப் பேசறாங்க. கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். யாரு என்னன்னு தெரியாது. நேத்து இவங்க, நீங்க தேடுற கதையச் சொன்னாங்க. ஆஸ்பத்திரின்னதும் வெளங்கிருச்சு."

"என்ன பேசுறாங்க அத்தை?" என்றாள் வளர்மதி.

"அது உங்க ஊட்டுப் பேச்சு கண்ணு. நான் சொல்லக் கூடாது. நீ கேளு."

கடை உள்ளறையில் ஜைனம்பு ஒரு கோரைப்பாயை விரித்தாள். வளர்மதி படுத்து வலது காதைத் தலையணையில் வைத்தாள். அர்த்தநாரி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜைனம்பு வாசற்காலில் சாய்ந்து நின்றாள். அவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தலையணை கேட்டிருக்க வேண்டும், அல்லது கேட்கவே தேவையில்லாமல் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் வளர்மதியின் உதடு அசைந்தபோது அவள் உதடும் தன்னையறியாமல் அசைந்தது.

ஏனுங், இக்கட்ட, கிட்ட வாங், என்றன இரண்டு வாய்களும். கேஸ் புஸ்தகம் அரிசி டின்னுக்கு அடியில இருக்குது. பச்சச் சீல எங்கக்காவுக்கு. வேண்டாம்னு சொல்லுவா, விடாதீங், குடுத்துருங். டீய ரண்டோட நிறுத்துங். கை காலுக்கு எண்ணெய் போட்டுத் தேச்சுக்கங், கூச்சப்படாம வளருகிட்டச் சொல்லுங்.

மூன்று ஆண்டாகப் பார்க்காத பேச்சு. மகளின் வாய் பாவாயியின் வாயைப் போலவே கீழுதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு அசைவதை அர்த்தநாரி அன்றுதான் கவனித்தார். தலையாட்டாமல் இருக்க முடியவில்லை. ஆட்டிக்கொண்டே, அவரும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்போது வளர்மதியின் உதடு நின்றது.

புருவத்தைச் சுருக்கினாள். தலையை அழுத்தி வைத்தாள். புரண்டு இடது காதை வைத்துப் பார்த்தாள். உதடு அசையவில்லை, பேச்சு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அர்த்தநாரி நிமிர்ந்தார். வாசற்காலில் ஜைனம்புவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அது மெதுவாக, மூச்சு குறைந்தவள் கிசுகிசுப்பதுபோல, ஆனால் நிற்காமல் அசைந்தது. வளருவத் தறிக்கு மட்டும் அனுப்பிராதீங், என்றது அந்த உதடு. உங்க காதுலதான் நான் இல்லாமப் போயிட்டேன். அதுக்காக உங்கமேல கோவம் இல்லீங். அவ காதுல நான் இன்னும் இருக்கறேன். அதையும் தறிக்குக் குடுத்துராதீங். குடுக்க மாட்டேன்னு தலைய ஆட்டுங்.

ஒரு வாய் மூடியிருந்தது, ஒரு வாய் பேசிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் மூன்று ஆண்டு என்பது அர்த்தநாரிக்கு விளங்கியது. இரண்டு தறி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், மூன்று ஆண்டு. மெல்லிய சத்தங்கள் முதலில் போகும்.

பிறகு மறுபடியும் இரண்டு வாய்களும் சேர்ந்துகொண்டன. ஆட்டிட்டீங். அது போதுங்.

வளர்மதி எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேஸ் புத்தகம், பச்சைச் சேலை, டீ, எண்ணெய் என்று கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலைங். மூச்சு வாங்குது. கடைசியா, ஆட்டிட்டீங், போதும்ங்கறாங்க. எதுக்குங்ப்பா ஆட்டுனீங்?"

ஜைனம்பு முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியல கண்ணு" என்றார் அர்த்தநாரி.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து நாலாயிரம் தறி தரையதிர எழுந்தது. வளர்மதி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் ஓடினாள். தலையணையைக் கொண்டுபோங்க என்று ஜைனம்பு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "உனக்குத்தான் முழுசாக் கேக்குது, வெச்சுக்க சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பட்டறைக்குள் போனபோது வளர்மதி இரண்டு தறிக்கும் நடுவில் நின்று குறுக்கு நூலைக் கொண்டோடும் நாடாவில் தீர்ந்த நூல் தாரை மாற்றிக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு இருந்தது. அர்த்தநாரி நேராகப் போய் முதல் தறியின் கைப்பிடியைத் தள்ளி நிறுத்தினார். திரும்பி இரண்டாவது தறியையும் நிறுத்தினார். சுற்றிலும் மற்ற முப்பது தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

நூல் அறலயே, என்றது அவள் உதடு. ஏன் நிறுத்துனீங்?

உங்கம்மா கொஞ்ச நேரம் பேசலைன்னு சொன்னியே. அப்ப அவ பேசிக்கிட்டுத்தான் இருந்தா.

எனக்குக் கேக்கலையே.

அதான் கண்ணு.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். ஜைனம்பு அத்தை சொன்னாங்களா என்று கேட்டாள். அவங்க உதடு சொல்லுச்சு, என்றார். பாவாயி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவள் உதட்டு அசைவிலேயே சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். வளர்மதி அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

தறி நின்னா ஊடு நிக்கும், என்றாள். நாளைக்கு வந்து ஓட்டுவேன்.

வந்தீன்னா தறியப் பிரிச்சுப் போட்டிருப்பேன். மாட்டுறதுக்கு இந்த ஊர்ல என்னைய உட்டா ஆள் இல்ல.

மொதலாளி கத்துவாரு.

கத்துனா எனக்குக் கேக்காது.

அவளுக்குத் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு தறிகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, மெதுவாக, தறிக்கு மட்டும் அனுப்பிராதீங் என்பதிலிருந்து கடைசி வரை அவள் உதடு திருப்பிச் சொன்னது. சொல்லி முடித்ததும் கையிலிருந்த தாரைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தாள்.

முதலாளி சென்னியப்பன் வந்து நின்று, இரண்டு தறி ஏன் நிற்கிறது என்று கையால் கேட்டார். பாவு தீந்துருச்சுங், என்றது அர்த்தநாரியின் உதடு. உருளையில் பாவு நூல் இன்னும் பாதிக்கு மேல் இருந்ததை இருவருமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சென்னியப்பன் திரும்பி அடுத்த தறிக்குப் போனார்.

அர்த்தநாரி கதவு வரைக்கும் வந்தார். வளர்மதி புழுதி பறக்கும் தெருவில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் தறி அடித்துக்கொண்டிருந்தது, தரை அவர் உள்ளங்காலில் அதிர்ந்தது. பால் சொசைட்டி வரைக்கும் போனவள் சட்டென்று நின்று பின்னால் திரும்பினாள். தெருக்கோடியில் சிவப்புத் தாவணி போட்ட ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது. கூப்பிட்டிருக்கிறாள், அது இவளுக்குக் கேட்டிருக்கிறது. வளர்மதி நின்று காத்திருந்தாள்.